எட்டை ஒன்பதாக்கிய காசு

முதலிபாளையம்
18.11.2007

அன்பு மகன் ஜெயபாண்டிக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்க வேண்டும். இங்கே நானும் உன் தங்கச்சி விஜயராணியும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் முறை, அந்த எழுத்துக்கு வந்தால் பேனா நின்றுவிடுகிறது, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

போன வாரம் நம் வீட்டுக்கார அம்மா பூவாத்தாள் போனில் நீ பேசியபோது அழுகைக்கு நடுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய், அம்மாவை எங்கப்பா வச்சீங்க, எந்த இடத்துல என்று. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன், உன் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. அப்பாவுக்குத் துக்கத்தில் வாய் வரவில்லை என்று நினைத்திருப்பாய். அது இல்லை தம்பி. அன்றைக்கு அந்த இடம் எனக்கே தெரியாது. பெண்டாட்டியைப் புதைத்த இடம் தெரியாத புருஷன் என்று பெற்ற பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது. இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் இருந்து சொன்னால்தான் இடம் விளங்கும், பொறுமையாகப் படி, வேலைக்கு நடுவில் மிஷின் முன்னால் உட்கார்ந்து படிக்காதே.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு நீ மொரீஷியஸ் போவதற்கு முன்பே இருந்ததுதான், நீ போன பிறகு பனியன் கம்பெனியில் குளிர் நாட்டு ஆர்டர் நிறைய எடுத்தார்கள். துணியைச் சுரண்டிப் பஞ்சு எழுப்புகிற மிஷினை அவள் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்திலேயே போட்டார்கள், நடுவில் ஒரு தட்டி கூட வைக்கவில்லை. அன்றைக்குச் சிவப்புத் துணி ஓடினால் அவள் சளி சிவப்பு, நீலம் ஓடினால் நீலம். இன்னிக்கு என்ன கலர்னு என் எச்சியப் பாத்துச் சொல்லிருவேன் என்று விளையாட்டாகச் சொல்வாள், விஜயராணி காதைப் பொத்திக்கொள்வாள். ஆயுத பூஜை முடிந்த வாரம் மூச்சு முட்டுகிறது, இரண்டு நாள் லீவு வேண்டும் என்று முதலாளி வெள்ளியங்கிரியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே, சிப்மெண்ட் வாரத்துல எல்லாத்துக்கும் மூச்சு முட்டத்தானுங்க செய்யும், எனக்கே முட்டுதுங்க, கண்டெய்னர் ஏறட்டும், அப்புறம் நல்லா மூச்சு உடுங்க என்றாராம். இந்த ஊரில் மரியாதைக்குக் குறைவில்லை தம்பி, உனக்குத் தெரியாததா. வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார்கள், அந்த மரியாதையோடேயே நம்மைப் பிழிந்து காயப் போடுவார்கள். டாலர் விழுந்துவிட்டது, அதனால் ஆளைக் குறைக்கிறோம் என்று எல்லாக் கம்பெனியிலும் பேச்சு, லீவு போட்டவள் பெயர்தான் முதலில் அடிபடும் என்று அவளும் பயந்துகொண்டு போனாள். கண்டெய்னர் ஏறியது. மறுநாள் காலையில் பல் விளக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி வந்தாள், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் இல்லை.

அதற்கு முந்தின வாரமே ஒரு நாள் மாவாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள், இந்தா பாருங்க, நான் போயிட்டா நெத்தியில சந்தையில சில்லறையா வாங்குற ஒத்த ரூபாயை ஒட்டிப்புடாதீங்க, பாண்டி சொரண்டுன காச வையுங்க, கொள்ளி போட அவனால வர முடியாட்டியும் அவன் கை என் நெத்தியில இருக்கட்டும் என்று. நான் சத்தம் போட்டேன். அவள் அதற்கும் சிரித்தாள், அவன் வர இன்னும் ஒரு வருசம் கெடக்கு, காசுல கூட்டுன மாதிரி எனக்கும் ஒரு வருசம் கூட்டித் தருவானான்னு அடுத்த போன்ல கேளுங்க என்றாள். நீ போன் செய்தபோது நான் அதைக் கேட்கவில்லை. விளையாட்டு என்று நினைத்தேன்.

அந்தக் காசின் கதை உனக்குத் தெரியும், ஆனால் உனக்குத் தெரியாத பாதி ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் வாங்கப் பிள்ளைகளை ஆபீஸ் ரூமுக்குள் விடுவார்களே, அப்போதுதான் வெள்ளியங்கிரியின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வெள்ளைக்காரன் காலத்துக் காசுகளை வரிசையாக வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாய். அன்றிலிருந்து உனக்குப் பைத்தியம் பிடித்தது. பழைய இரும்புக் கடையில் போய் நின்று ஓட்டைக் காலணாவும், ஓரம் வளைந்த ஒரு அணாவும் பொறுக்கி வருவாய். ராணி தலை என்றால் இந்த வருஷத்துக்குள், தாடி வைத்த ராஜா என்றால் இந்த வருஷத்துக்குள் என்று சோறு தின்னும்போது எங்களுக்குப் பாடம் நடத்துவாய். நான் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்த ஒரு காலணாவைப் பார்த்து நீ அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது, பழைய காச தேய்க்கக் கூடாதுப்பா, தேய்ச்சா மதிப்பு போச்சு என்று. அந்த மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வட்டம் வெட்டிய அட்டையில் ஒரே ஒரு வட்டம் காலியாக இருந்தது, அது 1939ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய், அது மட்டும் யாரிடமும் சிக்காது என்று முதலாளி சொன்னதாக வந்து சொன்னாய். நம் வீட்டில் இருந்தது 1938. அம்மாவுக்குக் கல்யாணத்தில் முந்தியில் முடிந்து விட்ட காசு. நீ என்ன செய்தாய், நிட்டிங் மிஷினில் போடுகிற ஊசியை எடுத்து, எட்டின் கீழ் வட்டத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டி எடுத்து ஒன்பதாக்கிவிட்டாய். இது ஒன்பதுதான், இத்தனை நாள் எட்டு என்று தப்பாகப் படித்திருக்கிறோம் என்று அம்மாவை நம்ப வைத்து, இங்கே கொடுத்தால் முதலாளி ஏமாற்றிவிடுவார் என்று கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனாய். அந்தக் கடைக்காரர் லென்ஸை வைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, தம்பி, கை நல்ல கை, வேலைதான் திருட்டு வேலை, ஒன்பதோட வால் இப்படியா வளையும் என்று சொல்லிக் காசைத் தள்ளிவிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மா வாயைத் திறக்கவில்லை, நீ பயந்துபோய் அவள் முகத்தையே பார்க்காமல் கிடந்தாய். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனதும் அவள் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். ராசா அடிச்ச காசுலயே நம்ம பய ஒரு வருசத்தக் கூட்டிப்புட்டான், இவன எந்தக் கம்பெனிக்காரன் கட்டி மேய்க்கப் போறான் என்றாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் அந்தக் காசைக் குங்குமச் சிமிழில் போட்டு வைத்தாள். யாருக்கும் தெரியாத பெருமை அது. உன்னிடம் காட்டினால் நீ கெட்டுப் போவாய் என்று காட்டவில்லை.

அவள் கேட்டபடியே அதைத்தான் நெற்றியில் ஒட்டினேன். ராஜா மூஞ்சி அவள் நெற்றியில் எதற்கு, உன் ஒன்பது தெரியட்டும் என்று வருஷம் இருக்கிற பக்கத்தை வெளியே வைத்தேன். லைன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தோம். மத்தியானம் வெள்ளியங்கிரி காரில் வந்தார், மாலை போட்டார், கும்பிட்டார். கும்பிட்டு நிமிர்ந்தவர் மறுபடி குனிந்தார். துணியில் ஓட்டை பார்க்க எப்போதும் சட்டைப் பையில் ஒரு மடக்கு லென்ஸ் வைத்திருப்பாரே, அதை எடுத்தார். அதே லென்ஸில் பார்த்துத்தான், ஓட்டை பாக்கறதுக்குத் தானுங்க உங்களுக்குச் சம்பளம் என்று சொல்லி ஒரு தடவை அவள் முகத்தில் பனியனை வீசினார். அந்த லென்ஸை என் பெண்டாட்டியின் நெற்றியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சுற்றி இருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். அத்தனை வருஷம் அவரிடம் வேலை செய்தாள், அவள் முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான், அன்றைக்கும் முகத்தைப் பார்க்கவில்லை.

என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஏனுங்க சோணைமுத்து, அந்தக் காச எனக்குக் குடுத்துருங்க, அதுக்குப் பதிலா ஒரு தங்கக் காசே வெச்சு உடலாம், புள்ளைக்குக் கல்யாணச் செலவுக்கும் பாத்துச் செய்யறனுங்க என்றார். நான் உள்ளதைச் சொன்னேன். அது முப்பத்தெட்டாம் வருஷத்துக் காசுங்க, என் பையன் சின்ன வயசுல எட்டச் சுரண்டி ஒன்பதாக்கிட்டான், கடையில விக்காதுங்க, அவன் ஞாபகமா அவ கேட்டா, வச்சிருக்கேன் என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், லீவு கேட்டபோது அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். நீங்களும் வெவரம் ஆயிட்டீங்க, சரி, உடுங்க என்று சொல்லிவிட்டுப் போய் காரில் உட்கார்ந்தார். கார் கிளம்பவில்லை, டிரைவர் மட்டும் இறங்கிச் சுடுகாட்டுப் பக்கம் நடந்தான். நான் அதைப் பார்த்தேன், எதற்கு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இங்கே அவரவர் சாதிக்கு அவரவர் சுடுகாடு. பிழைக்க வந்த நமக்குக் கம்பெனிகள் இருக்கிற எஸ்டேட்டுக்குப் பின்னால் சாயத் தண்ணீர் ஓடுகிற ஓடைக்கரைப் புறம்போக்கு. குழி வெட்டுகிற கருப்புசாமியிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டேன், நெற்றிக்காசு உன் உரிமைதான், ஆனால் இது அவளோடு போகட்டும், உனக்கு வேறு தருகிறேன் என்று. அதுக்கென்னங்க, அம்மணிகூடவே போகட்டும் என்று தலையாட்டினான். நீ செய்ய வேண்டியதை எல்லாம் நான் செய்தேன். மொட்டை அடித்துக்கொண்டு, தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்து உடைத்தேன். உடைத்தவன் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்று பிடித்துத் தள்ளினார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்தேன். என்னை விட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். சாங்கியம் என்று சொன்னால் நாம் எதையும் கேட்பதில்லை.

அன்று ராத்திரி அடித்த மழை உனக்குத் தெரியாது. காலையில் பால் ஊற்றப் போனால் ஓடை ஏறி வந்து இறங்கியிருக்கிறது. நட்ட குச்சி இல்லை, மாலை இல்லை, மேடு இல்லை. பக்கத்தில் அதற்கு முந்தின ராத்திரி ஒரு வடநாட்டுப் பையனைப் புதைத்தார்களாம், அதுவும் புது மண். இரண்டும் ஒரே நீளத்துக்குச் சமமாகக் கிடந்தன. எனக்கு எது என்று தெரியவில்லை தம்பி. கருப்புசாமியும் இல்லை, தீபாவளிக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கக் குண்டடம் போய்விட்டான் என்றார்கள். விஜயராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, ரெண்டுக்கும் ஊத்துப்பா, அந்தப் பையனுக்கும் யாரு இருக்கா என்றாள். இரண்டுக்கும் ஊற்றினேன். இதுதான் நான் உன்னிடம் போனில் சொல்ல முடியாமல் நின்றது.

நீ கேட்ட பிறகு என்னால் உட்கார முடியவில்லை. கருப்புசாமி ஊருக்குத் திரும்பிய அன்றே அவன் வீட்டுக்குப் போய் நின்றேன். இடத்தைக் காட்டு என்றேன். கூடவே வந்து காட்டினான், அவனுக்கு எந்தக் குழியும் மறப்பதில்லை. காட்டிவிட்டு அவன் கீழேயே பார்த்துக்கொண்டு, காசுக்கு நல்ல வெலை வந்துச்சுங்களா என்று கேட்டான். எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னான். டிரைவர் வந்து, செத்தவளின் புருஷன் காசை முதலாளிக்கு விற்றுவிட்டார், அழுகிற நேரத்தில் அவரே எடுக்க மாட்டார், நீ எடுத்துக் கொடு என்று சொல்லியிருக்கிறான். நான் குடத்தை உடைத்துவிட்டு முதுகைக் காட்டி நடந்ததும் இவன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெறும் நெத்தியோட அனுப்ப மனசு வரலீங்க, எம் மடியில ஒத்த ரூவா இருந்துச்சு, அதய வெச்சுத்தான் மண்ணத் தள்ளுனனுங்க என்றான். அவனை நான் என்ன சொல்ல. உன் அம்மா நெற்றியில் கடைசியாகக் காசு வைத்தவன் அவன்தான்.

அதற்கு இரண்டொரு நாளில் வெள்ளியங்கிரி ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். மேஜை மேல் அந்தக் காசு கிடந்தது. மெட்ராஸ் வரைக்கும் கொண்டு போய்க் காட்டியிருக்கிறார், அங்கே சிரித்திருக்கிறார்கள். ஏனுங்க, இப்படி ஏமாத்திப் போட்டீங்களே, நாலு பேரு முன்னால மானம் போச்சுங்க என்கிறார் என்னைப் பார்த்து. திருடின பொருள் போலி என்று பறிகொடுத்தவனிடம் சண்டைக்கு வருகிற ஆளை நான் இப்போதுதான் பார்த்தேன். அன்னிக்கே சொன்னனே ஐயா என்றேன். சொன்னீங்க, ஆனா நெசமாச் சொன்ன மாதிரி தெரியலீங்களே என்றார். அந்தப் பேச்சில்தான் எனக்கு எல்லாம் ஒன்று சேர்ந்தது. என் பெண்டாட்டி மூச்சு முட்டுதுன்னு சொன்னாளே, அதுவும் நெசமாச் சொன்ன மாதிரி தெரியலையா, எப்படிச் சொன்னா உங்களுக்கு நெசமாத் தெரியும், செத்துக் காட்டுன பிறகும் நெத்தியத்தான பாத்தீங்க என்று கேட்டேன். மேனேஜர் என் தோளைப் பிடித்தான். முதலாளி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார், மணி அடிக்காத போனை. நான் காசை எடுத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அடியில் அந்த ஒரு வட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நேராக அவளிடம் போனேன். கருப்புசாமி கடப்பாரை எடுத்து வந்தான், வேண்டாம் என்று கையாலேயே மண்ணைப் பறித்தேன். முழங்கை ஆழத்துக்குப் போனதும் தலைமாட்டில் காசை வைத்து மூடினேன். நெற்றிக்குக் கொண்டு போக முடியவில்லை, மன்னித்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். நீ வருகிற வரைக்கும் அந்த இடத்தில் மண்வெட்டி போடமாட்டேன் என்று கருப்புசாமி சொல்லியிருக்கிறான். அவன் சொன்னால் செய்வான், ஆனால் அவனுக்கும் வயதாகிறது, இந்த ஓடையும் சொன்ன பேச்சுக் கேட்காது. அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். எஸ்டேட்டின் பின் கேட்டைத் தாண்டி ஓடைப் பாலத்தில் ஏறாமல் இடது பக்கம் இறங்கு. வேலிமுள் புதர் முடிகிற இடத்தில் ஒரு கரண்டுக் கம்பம் சாய்ந்து நிற்கும். கம்பத்தில் முதுகை வைத்து ஓடையைப் பார்த்து நின்றால் உனக்கு நேர் எதிரே முதலில் இருப்பது அந்த வடநாட்டுப் பையன். அதற்கு அடுத்தது அம்மா.

தங்கச்சியைப் பற்றிக் கவலைப்படாதே. பத்தாவது முடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போகிறேன் என்று நிற்கிறாள், என் உயிர் இருக்கிற வரைக்கும் அவள் செக்கிங் டேபிளில் நிற்கமாட்டாள் என்று சொல்லிவிட்டேன், நீயும் அடுத்த போனில் சொல். பூவாத்தாள் அம்மா இன்னும் சோறு கொண்டு வந்து, ஒரு வாய் உண்டு போட்டு அழுவுங்க சாமி என்று முன்னால் உட்கார்ந்துகொள்கிறார்கள், உண்கிறோம். காண்ட்ராக்டை முறித்துக்கொண்டு ஓடி வராதே, பாஸ்போர்ட்டை அவர்கள் வைத்துக்கொண்டிருக்கும்போது சண்டை போடாதே, முடித்துவிட்டுக் கையில் வாங்கிக்கொண்டு வா. பஞ்சு பறக்கிற பக்கம் உன் மிஷின் இருந்தால் மாற்றித் தரச் சொல், தராவிட்டால் வாயில் துணி கட்டு. மூச்சு முட்டினால் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல். நம்புகிறார்களா என்று பார்க்காதே, சொல்லிக்கொண்டே இரு.

உன் அம்மா மேலே இருந்தும் நான் கீழே இருந்தும் உன்னை ஆசீர்வதிக்கிறோம், நீ நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நீ வருகிறபோது நான் இல்லாவிட்டாலும், கம்பம் விழுந்துவிட்டிருந்தாலும், அங்கே தோண்டிப் பார். சாயத் தண்ணீர் ஊறின மண், காசு கறுத்துப் போயிருக்கும். தேய்க்காதே, நீ சொன்னதுதான். வெயிலில் சாய்த்துப் பார், பெருவிரலை வருஷத்தின் மேல் வைத்துப் பார். ஒன்பதின் இடப்பக்கம் நீ சுரண்டின சொரசொரப்புத் தட்டினால் அங்கேயே உட்கார்ந்துகொள், அம்மா அங்கேதான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
சோணைமுத்து